தையல் தெரியக் கூடாது

ஹாமில்டன் நகரின் கிழக்கே,
எஃகு ஆலைப் புகைக்கும் அப்பால்,
விமானம் நிறுத்தக் கட்டிக் கைவிட்ட கொட்டகை.
அங்கேதான் செய்தோம்
ஏழு மாடி உயரத் திரையை.

வினைல் சுருளாக வரும். அகலம் நாலடி.
ஓரத்தோடு ஓரம் பொருத்திச்
சூட்டில் ஒட்டுவாள் ஒரீசியா.
ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் நிழல்.
மயிரிழை விலகினால் கோடு.
"முத்தம் கொடு, கடிக்காதே"
என்பாள் இயந்திரத்திடம்.

நான் வெள்ளி பூசுகிறவன்.
காலுறையோடு நடந்து
மூச்சையும் அளந்துதான் விடுவேன்.
ஒரு தும்மல் போதும்,
எவனோ ஒரு நடிகனின் கன்னத்தில்
ஆயுசுக்கும் மரு.

பிறகு துளைகள்.
ஊசிமுனையளவு, இரண்டு கோடிக்கு மேல்.
ஒலிபெருக்கிகள் பின்னால் நிற்கும்;
வாய் இருக்கும் இடத்திலிருந்தே
குரல் வர வேண்டுமே.
இத்தனை பெரிய உலகத்தைத் தாங்கியது
ஒரு சல்லடை.

சாயங்காலம் ஃபெர்கஸ் வருவார்.
கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து
முழு நீளமும் நடந்து பார்த்து
"ஒன்றும் தெரியவில்லை" என்பார்.
எங்கள் தொழிலில்
பாராட்டு என்றால் அவ்வளவுதான்.

ஜூன் மாதம், ராத்திரி வேலை.
விளக்கில் விழும் விட்டிலை எல்லோரும் அறிவார்கள்.
இது விளக்கை விட்டுவிட்டு
காயாத வெள்ளியில் வந்து விழுந்தது.
இடுக்கியால் எடுத்தேன்.
உடல் வந்தது. சிறகின் தூள் வரவில்லை.
திறப்பு விழாவுக்கு ஒன்பதே நாள்.
ஃபெர்கஸிடம் சொல்லவில்லை.
ஒரீசியா என்னைப் பார்த்தாள். அவளும் சொல்லவில்லை.

சிகாகோவில் முதல் காட்சி.
பனிக்கட்டிக்கு அடியில் ஒரு திமிங்கிலம்,
அதன் கண் மட்டும் பேருந்து அளவு.
எழுநூறு பேர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.
நான் வலது மேல் மூலையைப் பார்த்தேன்.
முதுகு அங்கே வந்தபோது ஒரு புள்ளி.
ஒட்டிய சிப்பி என்று நினைத்திருப்பார்கள்.
அதன்பின் துருவத்து இரவு.
கறுப்பு, கறுப்பு என்று சொன்னார்கள்.
எனக்குத் தெரியும்:
ஒளி விழாத வெள்ளை அது.
"ஒரு தையலும் தெரியலை" என்றாள் ஒரீசியா.
பொய். அவள் விரல்
நாற்காலிக் கையில் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தது.

முப்பத்தொரு வருஷம் கழித்துக் கடிதம் வந்தது:
திரையை இறக்குகிறோம், வர விருப்பமா?

போனோம்.
இரும்புச் சட்டத்தில் ஏறி நின்றாள் ஹேரின்,
கொரியாவிலிருந்து வந்தவள்.
உள்ளங்கை அகலச் சதுரங்கள், காந்தம் வைத்தவை,
டக் டக்கென்று ஒட்டிக்கொண்டே போனாள்.
ஒவ்வொன்றிலும் கடுகுக்கும் சிறிய விளக்குகள்.
யாரும் பின்னாலிருந்து ஒளி வீச வேண்டாம்.
சுவரே எரியும்.
அணைத்தாள்.
அப்போதுதான் முதல்முறையாக
அந்த அரங்கில் இரவைப் பார்த்தேன்.

"துளை இல்லையே" என்றாள் ஒரீசியா.
"குரல் எங்கிருந்து வரும்?"
ஹேரின் மேலே காட்டினாள், பக்கங்களைக் காட்டினாள்.
"கணக்குப் போட்டு வாயில் வைத்துவிடுவோம்."
"கணக்கா?" என்றாள் ஒரீசியா.
அதற்கு மேல் கேட்கவில்லை.

ஏனென்றால் ஹேரின் அதற்குள்
இரண்டு சதுரங்களுக்கு நடுவே
நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள்.
முகம் சுளித்தாள்.
ஒன்றைக் கழற்றினாள், துடைத்தாள், மறுபடி வைத்தாள்.
மறுபடி நகம்.
ஒரீசியா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு
சட்டத்தின் அருகே போய்
வெகுநேரம் நின்றாள்.

பழையதை அறுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.
ஒரு முழம் கேட்டு வாங்கினாள்.
திரும்பும் வழியில் ஏரியில் காற்று,
கரைவரை திரைமேல் திரை.
வண்டியில் அந்தத் துண்டு அவள் மடியில்,
திரை விழுந்த கை அதன்மேல்.
"இங்கே" என்றாள்.
தடவிப் பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.
"இங்கேதான், மனுஷா" என்றாள்,
என் விரலைப் பிடித்து
கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி.