நான்கெல்லை

கொலைக்குப் பத்திரம் வேண்டும் என்று
அடம்பிடித்தவன் மெனெகோ.
போன வருஷம் லோவெரேயில்
ஒரு பாதிரியின் தம்பியைக் குத்திய வகையில்
பாதிக் கூலி இன்னும் நிலுவை.
வாய்ச்சொல் வயிற்றுக்கு ஆகாது என்றான்.
பொர்த்தோலோவுக்கு இடது காது மந்தம்.
அதனால் இரண்டு முறை சொன்னான்.

பாலாடைக்கட்டி வியாபாரி கஸ்பரோ முகம் சுளித்தார்.
முப்பது டுக்காட், பத்து முன்பணம்,
மீதி காதைக் கொண்டுவந்து காட்டியபின்.
எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பள்ளத்தாக்கில் பத்திரம் எழுத
ஒரே ஒருவர்தான்: பெல்ட்ராமே.
கஸ்பரோவின் எடைக்கல்லில் ஓட்டை இருப்பதை
முத்திரை வைத்து எழுதிக்கொடுத்தவர்.
சாக வேண்டியவரும் அவர்தான்.

மெனெகோவுக்கு இது உறைத்தது
பாதி மலை ஏறியபின்.
கோவேறு கழுதை அதற்கு முன்பே நின்றுவிட்டிருந்தது.

வலது காதின் மேல் செருகிய இறகுப்பேனாவை எடுத்து
பெயர் என்ன என்று கேட்டார் பெல்ட்ராமே.
பிறகு நிரப்பிக்கொள்கிறோம் ஐயா.
வெற்றிடம் விட்ட பத்திரம் செல்லாது.
வயது?
உங்கள் வயதுதான் இருக்கும்.
உயரம்?
கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.

எழுந்து நின்றார். உட்கார்ந்தார்.
பேனா முனையைச் சட்டைக் கையில் துடைத்து
தன் பெயரை எழுதினார்,
மற்ற பெயர்களைவிடச் சற்று அழகாக.

சொத்து என்றால் நான்கெல்லை வேண்டும் என்றார்.
வடக்கே தொப்பி.
தெற்கே காலணி.
கிழக்கே மனைவி உறங்கும் பக்கம்.
மேற்கே,
கொஞ்சம் யோசித்து,
சுவர்.

மேற்படி நபர் மேற்படி காரியத்தின்போது
அட்டா ஆற்றுக்கு இக்கரையில் இருத்தல் வேண்டும்
என்று ஒரு வரியை இடையில் சேர்த்தார்.
மெனெகோவுக்கு எழுத்து தெரியாது.
பொர்த்தோலோவுக்குத் தெரியும்.
அவனை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அவனுக்குக் கேட்டிருக்காது.

எழுத்துக்கூலி மூன்று டுக்காட்.
இரண்டாம் சாட்சி அக்கரையில் இருக்கிறார்,
துணைக்கு வாருங்கள் என்றார்.

மூன்று நாள் நடை.
சத்திரத்தில் ஒரே கட்டில்;
சாக வேண்டியவர் நடுவில் படுத்தார், குளிர் என்று.
இரண்டாம் நாள் பைன்மரக் காட்டில்
வழிப்பறிக்காரர்கள் நான்கு பேர்
அவர் கழுத்தில் கத்தி வைத்தார்கள்.
இருவருக்கும் வந்த கோபம் இருக்கிறதே!
நம் சரக்கின்மேல் எவன் கை வைப்பது?
நான்கு பேரையும் கூலியில்லாமல் கொன்றார்கள்.
பெல்ட்ராமே நன்றி சொன்னார்.
பொர்த்தோலோவின் கைக்காயத்துக்குத்
தன் கழுத்துத் துணியைக் கிழித்துக் கட்டினார்.

ஓடம் ஏறினார்கள். கழுதை ஏறவில்லை.

அக்கரை மணலில் கால் வைத்ததும்
பெல்ட்ராமே சிரித்தார், மூன்று நாளில் முதல் தடவை.
சட்டப்படி இனி என்னைத் தொட முடியாது நண்பர்களே,
படித்துப் பாருங்கள்.

பொர்த்தோலோ படித்தான்,
காது மந்தமானவர்கள் படிப்பதுபோல் ஊருக்கே கேட்க.
இக்கரையில், என்றான்.
காலடி மணலைப் பார்த்தான்.
இக்கரையில்தானே இருக்கிறோம்?

மெனெகோ ஓடக்காரனிடம் கேட்டான்,
இது எந்தக் கரை?
நிற்கிற கரை இக்கரை, வேறென்ன, என்றான் அவன்
துடுப்பை உதறியபடி.

பெல்ட்ராமே வெளுத்துப்போனார்.
பயம் என்று சொல்ல மாட்டேன்.
இருபத்தாறு வருஷத்தில்
இப்படி ஒரு சொல்லை அவர் விட்டதில்லை.
கிழக்குக் கரை என்று எழுதியிருக்க வேண்டும், என்றார்.
திருத்த வேண்டும், மை இருக்கிறதா என்றார்.
மெனெகோ மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டான்.
அடித்து, மேலே எழுதி,
திருத்தத்துக்குச் சுருக்கொப்பம் இட்டார்.
பேனாவைக் காதில் செருகினார்.

திருத்தத்துக்கு இரு தரப்பும் ஒப்ப வேண்டும் ஐயா,
என்றான் மெனெகோ, மிகவும் வருத்தமாக.
மூன்று நாளில் அவனும் கொஞ்சம் கற்றிருந்தான்.

கஸ்பரோ காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.
சரக்கில் மைக்கறை என்று
நான்கு டுக்காட் குறைத்தார்.
பத்திரத்தில் கறையைப் பற்றி ஒன்றும் இல்லை என்று
கத்தினான் மெனெகோ. வழக்குப் போடுவேன் என்றான்.

போடலாம்தான்.
மனு எழுத
பள்ளத்தாக்கில் ஆள் இல்லை.