கண்துடைப்பு

மத்திகிரிக் குதிரைப் பண்ணைக்குப் பின்னால் ஏரி.
மார்கழி. பனி இன்னும் கரையை விட்டு எழவில்லை.
நாய்களுக்குப் பரீட்சை என்றார்கள்.
சேலம் ஜில்லாவிலேயே முதல் தடவை என்றார் கேப்டன்.
அவர் சொன்னால் அதுதான் கெஜட்.

நான் குமாஸ்தா. கொள்ளும் புல்லும் கணக்கெழுதும் கை.
அன்றைக்கு மட்டும் நாய்க்கணக்கு.
முந்தின இரவு விளக்கடியில் உட்காரவைத்து
அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்:
சீமையில் ஏதோ பிரபுவின் தோட்டத்தில் தொடங்கியதாம்,
அவர் அப்பா காலத்தில்.
அப்போது சுருட்டைமுடி நாய்க்கும்
தட்டைமுடி நாய்க்கும்தான் போட்டி.
இந்தக் குட்டைமுடிக் கறுப்பன் பிற்பாடு வந்து
கோப்பைகளை வாரிக்கொண்டு போனானாம்.

சுடும்வரை நாய் அசையக் கூடாது.
சுட்ட பிறகும் அசையக் கூடாது.
பக்கத்து நாய் ஓடும்போது
உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்,
அதற்கும் மார்க் உண்டு.
சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு மார்க்!
என் உத்தியோகத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லை.

கொண்டுவந்த பறவையை நடுவர் கையில் வாங்கி
இறகை ஊதி விலக்கி
கட்டைவிரலால் விலாவைத் தடவுவார்.
எலும்பு நொறுங்கியிருந்தால் வன்வாய்,
அந்த நாய் வெளியே.
முழுசாக இருந்தால் மென்வாய்.
இரண்டு சொல்லும் நான் கட்டியவை.
கேப்டனுக்குத் தமிழ் தெரியாது, ஆட்சேபம் வரவில்லை.

ஒரு நாய் தேடித் தோற்ற பறவையை
அடுத்த நாய் எடுத்துவிட்டால்
முன்னதன் கண்ணை இது துடைத்துவிட்டது என்பார்களாம்.
கண்துடைப்பு என்று எழுதிவிட்டுச் சிரித்தேன்.
எங்கள் ஆபீசில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை,
போன வருஷத்துத் தீவனத் திருட்டு விசாரணை மாதிரி.

நாய்கள் கப்பலேறி வருமுன்
விழுந்த வாத்தை எடுத்துவந்தவன் முனிரத்தினம்.
கழுத்துத் தண்ணீரில், பறவைக்கு அரையணா.
இன்று கரையில் சிவப்புக் கொடி பிடிக்கிறான்.
வாய் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது,
மீறினால் கூலி இல்லை.

கடைசிக் கிளுவை.
குண்டு பட்டும் உடனே விழவில்லை,
ஒரு சிறகை மட்டும் நம்பி
கோரைக்கு அந்தப்புறம் சரிந்தது.
முதல் நாய் போய் மூச்சிரைத்துத் திரும்பியது.
இரண்டாவது, ஒரு தவளையோடு.
மூன்றாவது. நான்காவது.

நான்கும் தோற்றால் நடுவர்களே இறங்கித் தேடுவது மரபு.
அவர்கள் கையில் அகப்பட்டால்
நான்கு நாய்க்கும் ஒரே நாளில் கண்துடைப்பு.
இரண்டு துரைகள்
முழங்கால் பூட்ஸ் சேற்றில் உறிஞ்சிக்கொள்ள
கோரையைக் குடைக்காம்பால் கிண்டினார்கள்.
ஒருவருடைய தொப்பி மிதந்தது.
அதை ஒரு நாய், யாரும் ஏவாமல், மெத்தென்று கவ்விவந்தது.

முனிரத்தினம் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நாற்பது நிமிஷம். கொடி ஆடவில்லை.
அவன் பெயருக்குப் புத்தகத்தில் கட்டம் இல்லை.
'பறவை காணவில்லை' என்றார் கேப்டன்.
எழுதினேன்.
கோப்பை யாருக்குப் போயிற்று, ஞாபகமில்லை.

பொழுது சாய
அறுத்த ராகிக் கொல்லை வழியாக வந்துகொண்டிருந்தேன்.
எதிரே அவன், இடுப்புவரை ஈரம்,
துண்டுக்குள் ஏதோ.
"ஊதிப் பாருங்க" என்று என் கையில் வைத்தான்.

ஊதினேன். இறகு பிரிந்தது.
கட்டைவிரலை விலாவில் வைத்தேன்.
எலும்பெல்லாம் சரியாக இருந்தது.
அதற்குக் கீழே, சின்னதாய், அவசரமாய்
அடித்துக்கொண்டிருந்தது.

"எழுதிட்டீங்களா?"
"எழுதியாச்சு. காணவில்லைன்னு."
"அப்ப சரி" என்று
துண்டை மூடிக்கொண்டு நடந்தான்.