எங்கள் அவையில் எழுதியது

உறைந்த மையைக் கக்கத்தில் வைத்து உருக்கினேன்.
ஓடர் ஆற்றுப் பாலம் உடைந்து
இது மூன்றாம் இரவு.
கோமகனின் பரிவாரம் மொத்தமும்
ஒரு மாட்டுக்கொட்டிலில்.

'எழுது' என்றார்.
ஓர் ஆலை, அதன் மதகு,
விலாங்கு பிடிக்கும் உரிமை,
எல்லாம் துறவிகளுக்கு, தாயின் ஆன்மாவுக்காக.
போன வாரம்வரை தர மனமில்லை.
இருமல் வந்தபின் மனம் வந்தது.

'கடவுளின் அருளால் துக்ஸ்' என்று தொடங்கினேன்.
ரெக்ஸ் என்று எழுதச்சொல்ல
அவர் அப்பாவுக்கு ஆசை இருந்தது.
இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான்.
தலையை மாற்றப்போய்
இரண்டு அண்ணன்களைப் புதைத்தார்கள்.

சாட்சிகளை லத்தீனில் நிறுத்தவேண்டும்.
தீய்ந்த கஞ்சியைச் சட்டியோடு தூக்கிவந்த ஸ்டோய்க்னேவ்
தாபிஃபெர், விருந்து சுமப்பவன்.
யாக்சா பின்செர்னா, மதுக்கிண்ணம் ஏந்துபவன்;
கிண்ணத்தில் இருந்தது பனி உருகிய நீர்.
மாரெஸ்கால்கஸ் என்று நான் எழுதி முடிப்பதற்குள்
விலோஸ்ட் செத்த குதிரையின்
இரண்டு லாடங்களைக் கழற்றிவிட்டான்.
லத்தீனில் யாருக்கும் குளிர்வதில்லை.

ரட்ஸ்லாவா வந்தாள், துணி வெளுப்பவள்,
மண்சட்டியில் தணலோடு.
முத்திரை மெழுகு இளகவேண்டுமே.
அவளுக்கும் ஒரு சொல் உண்டு: லோட்ரிக்ஸ்.
செலவுக் கணக்கில் எழுதியிருக்கிறேன்,
சாம்பலுக்கும் கொழுப்புக்கும் நடுவே.
சாட்சி வரிசையில் அதற்கு இடமில்லை.

கோமகனின் விரல்கள் விறைத்திருந்தன.
அவள்தான் மெழுகைப்
பின்னாலிருந்து அழுத்திப் பிடித்தாள்.
முன்பக்கம் குதிரைமேல் கோமகன்.
பின்பக்கம் அவள் கட்டைவிரலின் சுழி.
பார்த்தேன். துடைக்கவில்லை.
பெயர்களுக்குப் பின் வழக்கம்போல
'மற்றும் பலர்' என்று முடித்திருந்தேன்;
அந்தப் 'பலர்' மட்டும்
எப்படியோ கொஞ்சம் பெரிதாக விழுந்திருந்தது.

'படி' என்றார். படித்தேன்.
ஒரு சொல் புரியாது அவருக்கு.
பூசை கேட்பதுபோல் கண்ணை மூடியிருந்து
தன் பெயர் வரும்போது மட்டும் திறந்தார்.
'நாம் இருக்கும் இந்த இடம்,
அது எங்கே இருக்கிறது இதில்?'

'இதோ, பிரபு. கூரியா.
உங்கள் அவை.'

குடியானவனின் தொழுவத்தையும்
வரி ஏட்டில் அதே சொல்லால்தான்
எழுதுகிறோம் என்று சொல்லவில்லை.
ஒரு கூரியா, மூன்று பசு, ஒரு சாணக்குழி.

பின்னால் ஒரு பசு
நெடுநேரம் மூத்திரம் பெய்தது.
கோமகன் காலை நகர்த்திக்கொண்டு,
'நல்ல சொல்' என்றார்.