ஏழாம் நாள்

கன்னமுல்லா.
பெயரின் வாலில் ஒரு முல்லை உண்டு.
குவீன்ஸ்லாந்தின் இந்த மூலையில் அது பூத்ததில்லை.
சிவந்த புழுதி, கம்பிவேலி,
வேலிக்கு அப்பால்
யாருக்கும் சொந்தமில்லாதவைபோல் ஆடுகள்.

திங்கட்கிழமை செவிலி மேவிஸ் வந்தாள்.
நாய்க்கு எடைபார்க்கும் மேடையில்
குளிர்பெட்டியை வைத்தாள்.
கியூ காய்ச்சல் தடுப்பூசி.
ஆடு ஈனும்போது கொட்டும் நீரிலிருந்து
காற்றேறி வரும் காய்ச்சல்.

வந்த உடனே போட்டுவிட முடியாதாம்.
முதலில் ஒரு குழாய் ரத்தம்,
முன்கைத் தோலுக்குள் ஒரு துளி மருந்து,
பிறகு ஏழு நாள் காத்திருப்பு.
"உடம்புக்கு ஏற்கெனவே தெரிந்த கதை என்றால்
திரும்பச் சொல்லக்கூடாது.
கோபித்துக்கொள்ளும்."

மூன்று பேர் சட்டைக்கையைச் சுருட்டினார்கள்:
டாக்டர் ப்ரையனி,
போன மாதம் சேர்ந்த லாக்லன்,
பத்தொன்பது வருஷமாய்
கால் பிடித்தே பிழைக்கும் நெரிடா.
(மாட்டின் கால், ஆட்டின் கால்.
மனிதர் காலைப் பிடித்ததில்லை,
அதனால்தான் சம்பளம் அப்படியே.)

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது:
நெடுநாள் காய்ச்சல் வந்ததுண்டா?
இல்லை என்று எழுதினாள்.

வியாழனன்று கொசுக்கடி அளவு ஒரு மேடு.
சனிக்கிழமையும் அங்கேயே இருந்தது,
முன்பணம் கொடுத்துக் குடிவந்தவன்போல.
நெரிடா சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

அன்றிரவுதான் ஹேட்டன் பண்ணை நினைவில் வந்தது.
மழை பொய்த்த இரண்டாம் வருஷம்.
ஒரே இரவில் பதினோரு ஆடுகள் கருக்கலைந்தன.
உறை தீர்ந்துபோய்
முழங்கை வரை வெறுங்கை.
மூன்று வாரம் கழித்து
படுக்கை விரிப்பைப் பிழிந்தால்
வாளியில் சத்தம் கேட்டது.
ஃப்ளூ என்றார்கள்.
காய்ச்சல் போனது, அவள் திரும்பவில்லை.
துணிக்கூடையைத் தூக்கிப் பாதிவழியில்
அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவாள்.
தங்கை மொரீன் சொன்னாள்: நடிப்பு.
அப்போதைய முதலாளி நேரத்தைக் குறைத்தார்.
கணவன் டெஸ் ஒன்றும் சொல்லவில்லை,
அதுவும் ஒரு சொல்தான்.
கடைசியில் நெரிடாவே நம்பினாள்,
தன் எலும்பில் சோம்பல் ஊறியிருக்கிறது என்று.

மறு திங்கள்.
மேவிஸ் கண்ணாடியைப் போட்டு
மேட்டைத் தடவிப் பார்த்தாள்,
ஆய்வகத் தாளைப் பார்த்தாள்.
ப்ரையனிக்கு ஊசி. லாக்லனுக்கு ஊசி.
"உனக்குக் கிடையாது, நெரிடா.
உனக்கு இது வந்து போயிருக்கிறது.
எப்போது என்று ரத்தம் தேதி போடாது."

நெரிடா தேதி சொன்னாள்.
மாதம் சொன்னாள்.
ஆடுகளின் எண்ணிக்கை சொன்னாள்.
சொல்லச் சொல்ல
முதுகு நாற்காலியில் நிமிர்ந்தது.
பதினொரு மாதத்துக்கு
ஒரு பெயர் இருந்திருக்கிறது, ஓர் எழுத்தில்.
அழுகை வரும் என்று மேவிஸ் காகிதத்தை நீட்டினாள்.
நெரிடா அதில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள்.

"இதயத்தை ஒருமுறை படம் எடுக்கணும்.
டுவூம்பாவில்."
எட்டு மணிநேரப் பயணம்.
சரி என்றாள்.
பிறகு கேட்டாள்:
எனக்கென்று கொண்டுவந்த ஊசியை
ஃபேய்க்குப் போடலாமே?
எங்கள் மேலங்கிகளைத் துவைக்கிறவள்.
பட்டியலில் இல்லை,
ஆட்டை அவள் தொடுவதில்லையாம்.
நாங்கள் தொட்டதையெல்லாம்
உதறுகிறவள் அவள்தானே.

மேவிஸ் பேனாவை எடுத்தாள்.
"அவளுக்கும் ஏழு நாள்."
"குறித்துக்கொள்."

நாலு மணிக்குத் தொலைபேசி.
குறுக்கே கிடக்கும் குட்டி,
தாய் ஆடு படுத்துவிட்டது.
ஊசி போட்ட இருவரும்
பதினைந்து நாள் தள்ளி நிற்க வேண்டும்.
லாக்லன் கையைத் தேய்த்தபடி வாசலைப் பார்த்தான்.
ப்ரையனி சொன்னாள்,
"போனைத் துண்டிக்காதே. நான் சொல்லச் சொல்லச் செய்."

நெரிடா முகக்கவசம் எடுத்தாள்,
நீள உறை இரண்டு ஜோடி எடுத்தாள்,
வண்டிச் சாவியைத் தேடினாள்.
சட்டைப்பைக்குள்தான் இருந்தது.

போகிற வழியில்
மொரீனுக்குப் போன் பண்ணலாமா என்று யோசித்தாள்.
முதலில் ஆடு.