உப்புக்குத் தாங்குமா

பன்னிரண்டு பேரிங் என்றார் திரு. லியாவ்.
துருவுக்குப் பன்னிரண்டு வீடு
என்று நான் சொல்லவில்லை,
தலையை மட்டும் ஆட்டினேன்.

சிங்கப்பூரில் அலை என்று பெரிதாக எதுவுமில்லை.
எண்ணெய்க் கப்பல் போனால் கணுக்கால் நனையும்.
உப்புக்கு மட்டும் குறைவில்லை.

போன மாதம் சாங்கிக் கரையில்
திருக்கை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடியபோது
டிராக் இறுகி
நரம்பு அறுந்த சத்தம்
ஆள்காட்டி விரலில் இன்னும் இருக்கிறது.
எண்பது வெள்ளி ரீல். தங்க நிறம் வேறு.

இரவெல்லாம் ரயில் நிலைய மின்படிக்கு அடியில் படுத்து
எந்த உருளை முனகுகிறது என்று
காதால் தேடுகிறவள் நான்.
மின்னியதையெல்லாம் விட்டுவிட்டு
கீழ்த்தட்டில் கிடந்த கறுப்பைக் கேட்டேன்.
அசிங்கமாக இருந்தது. கனமும்.
கைப்பிடியைச் சுற்றிக் காதருகே வைத்தேன்.
ஒன்றுமே சொல்லவில்லை.
பெயில் கம்பியை மடக்கியபோது
கதவைச் சாத்துகிற அண்டைவீட்டார் போல
ஒரே ஒரு டக்.

நரம்பின் நுனியை அவர் விரலில் சுற்றி
ஓடுங்கள் என்றேன்.
சிரிக்காமல் நடந்தார்.
வாசல், நடைபாதை,
பீச் ரோடு பேருந்து நிறுத்தம் வரை.
டிராக் ஓரிடத்திலும் திக்கவில்லை.

அங்கிருந்து கத்தினார்:
இருநூற்றைம்பது!
குமிழைக் கொஞ்சம் இறுக்கினேன்.
இருநூறு.
இருநூற்று நாற்பது, என்று
இரண்டடி வந்தார்.
விட்டுக் கொடுத்தேன், சுற்றினேன்,
விட்டுக் கொடுத்தேன்.

இருநூற்றுப் பதினைந்தில்
கடைக்குள் வந்து சேர்ந்தார்.
பில் உடனே போட்டார்.
விரலிலிருந்து முடிச்சை அவிழ்க்கத்தான்
கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது.