எத்தனையாம் அதிகாரம்

தட்டார்மடத்துக்குத் தெற்கே,
தேரிமணல் இரவோடிரவாக
வாசற்படி ஏறிவிடும் ஊரில்
நான் உபதேசியாராய் வந்த மூன்றாம் நாள்
கிணற்றடியில் அன்னப்பழம் சொன்னாள்:
"கர்த்தரே சொல்லியிருக்காருல்லா அய்யா,
எறச்சு முடிச்சாலும் கயித்தக் கழத்தாத,
பின்னால ஒருத்தன் தாகத்தோட வாரான்னு."

எத்தனையாம் அதிகாரம் என்றேன்.
குடத்தை இடுப்பேற்றி
"வேதத்துல உள்ளதுதான்" என்று நடந்தாள்.

தேடினேன்.
கயிறு என்று, கிணறு என்று, தாகம் என்று.
வசன அகராதியில் யாக்கோபின் கிணறு இருந்தது,
சமாரியாக்காரியின் குடம் இருந்தது,
மொள்ள வழியின்றி
உச்சிவெயிலில் உட்கார்ந்திருந்த கர்த்தர் இருந்தார்.
இந்தக் கயிறு இல்லை.

அன்னப்பழத்துக்குச் சொன்னவன் சீயோன்முத்து, உப்பளத்துக் கங்காணி.
அவனுக்கு அவன் மாமியார்; கையெழுத்தும் அறியாதவள்.
அவளுக்கு, வாந்திபேதி வருஷத்தில் வந்த
முதல் உபதேசியார்.
அவர் கையில் ஒரே ஒரு சுவிசேஷம்,
அதிலும் பாதி கரையானுக்கு.
மீதியைக் காதால் கேட்டபடி சொன்னாராம்.
கரையான் தின்ற பக்கத்தில் இருந்ததா,
நாவறண்ட ஒரு மத்தியானம் அவரே சொன்னதா?
கேட்கப் போனால்
கல்லறையில் பெயர்கூட உதிர்ந்து கிடக்கிறது.

அன்றிரவு அரிக்கேன் வெளிச்சத்தில்
பவுல் மூப்பர்களிடம் விடைபெறும் இடம்.
கொடுப்பதைப் பற்றிக் கர்த்தர் சொன்னதை
நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.
நாலு சுவிசேஷத்தையும் புரட்டினேன்.
கர்த்தர் அதை அங்கே எங்கும் சொல்லவில்லை.
பவுலுக்கும் ஒரு அன்னப்பழம் இருந்திருக்கிறாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன்:
அது வேதவசனமல்ல. நல்ல வார்த்தை, அவ்வளவே.
"சரி அய்யா" என்றது சபை.
திங்கட்கிழமை
கயிறு உருளையிலேயே கிடந்தது.

ஆனி மாதம்
திளாப்புக் கயிறு அறுந்து
பனையிலிருந்து விழுந்தான் சுவிசேஷமுத்து.
குழிமேட்டில் பேய்க்காற்று. மணல் கண்ணை அடைக்கப்
புத்தகத்தை விரித்துப் பிடிக்க முடியவில்லை.
அவன் பெண்சாதி அழவில்லை,
என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கயிறு என்ற சொல்லை
அவள் முன்னால் எடுக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன்.
வாய் திறந்தேன். அதுதான் வந்தது,
பின்னால் வருகிறவனும் அவன் தாகமும் சேர்ந்து.
"கர்த்தர் சொன்னார்" என்று
ஏற்கெனவே தொடங்கியிருந்தேன்.

கூட்டம் கலைந்தபின்
அடக்கப் பதிவேட்டோடு வந்தான்
சேகரத்துக் குமாஸ்தா தாவீதடியான்.
"வாசித்த வேதபாகம்" என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றிக்கொண்டு கேட்டான்,
அய்யா, அது எத்தனையாம் அதிகாரம்?

நான் புத்தகத்தைக் கவிழ்த்து
மணலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.