காலித் தெருவில் இடம் இல்லை

மூன்றாவது முறையாக வந்து நின்றாள் ஸ்தாங்கா.
'உன் பட்டறையில் பரம சாது.
என் வாசலுக்குப் போனால் மட்டும் மக்கர்.'

முதல் தடவை
பம்பரில் பதித்த பன்னிரண்டு சென்சாரையும் துடைத்தேன்.
இக்னிஷனைப் போட்டுவிட்டுக் குனிந்து
ஒவ்வொன்றாகக் காது வைத்துக் கேட்டேன்.
உயிருள்ளது டிக் டிக் என்னும், பல்லி மாதிரி.
பின்னால் இடது ஓரத்தில் பேச்சில்லை.
எவனோ அதன்மேல் கனமாகப் பெயின்ட் அடித்திருந்தான்.
மாற்றினேன்.

இரண்டாம் தடவை பேட்டரி.
ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி
நடு எது என்று அதற்கு மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.
கம்ப்யூட்டரை மாட்டினால்
பிழை எதுவும் இல்லை என்றது.
எனக்குப் பிடிக்காத வாக்கியம்.

இன்று ஆறு மணிக்கே பட்டறையைப் பூட்டிவிட்டு
என் வேனில் அவள் பின்னால் போனேன்,
திராவா ஆற்றைத் தாண்டி.
ஆகஸ்ட். மரிபோரில் பாதிப் பேர் கடலுக்குப் போய்விட்டார்கள்.
அவள் தெருவில் ஒரு கார் இல்லை.
நடுரோட்டில் ஒரு நாய் படுத்திருந்தது.

நடைபாதை ஓரம் நெடுக வெறிச்சென்று கிடக்க
கார் ஊர்ந்தது.
திரையில்:
இடம் தேடுகிறேன்.
இடம் தேடுகிறேன்.
இடம் இல்லை.

அப்போதுதான் உறைத்தது.
என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.
அதற்கு வெட்டவெளி தெரியாது.
இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்,
நடுவில் விட்டுவைத்தது எவ்வளவு,
அதைத்தான் இடம் என்று படித்திருக்கிறது.

'நீங்களே நிறுத்தலாமே, தெருவே உங்களுடையது' என்றேன்.
'ஆயிரத்து இருநூறு யூரோ கூடுதலாக வாங்கினார்கள்.
அது நிறுத்தட்டும்.'

வேனை முன்னால் போட்டேன்.
பின்னால் வைக்க ஒன்றுமில்லை.
உள்ளே போனவள்
பச்சைக் குப்பைத்தொட்டியையும் பழுப்புத் தொட்டியையும்
கடகடவென்று உருட்டிக்கொண்டு வந்தாள்.
நாய் எழுந்து வழிவிட்டது.

பீப்.
ஸ்டியரிங் தானே சுழன்றது.
கைகளை மடியில் போட்டுக்கொண்டு
முடிவெட்ட உட்கார்ந்தவள்போல் நேரே பார்த்திருந்தாள்.
ஒரே மூச்சு. ஓரக்கல்லுக்கு ஒரு சாண் விட்டு நின்றது.

ரசீதில் 'கோளாறு' என்ற கட்டத்துக்கு எதிரே
பேனா கொஞ்ச நேரம் தயங்கியது.
அக்கம்பக்கம் இல்லை என்று எழுதினால்
கணக்கர் ஒத்துக்கொள்வாரா?
சென்சார் சரிபார்ப்பு என்று எழுதினேன்.

வேன் சாவியைத் துழாவும்போது கேட்டாள்:
'பக்கத்து வீட்டார் இருபத்தைந்தாம் தேதிதான் வருவார்கள்.
இந்த வேனுக்கு நாள்வாடகை எவ்வளவு?'

சிரிக்கவில்லை அவள்.